சமநிலை யாரைச் சுற்றி? என்.பி.ஏ. வீரர் பரிமாற்றத்தில் மதிப்பும் அணியமைப்பும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரு வீரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் மோதிக்கொள்கின்றன. ஒரு தரப்பு மதிப்பைப் பேசும்: கொடுத்ததைவிட வந்தது உயர்ந்ததா, தாழ்ந்ததா? மறு தரப்பு அமைப்பைப் பேசும்: ஒரே வேலையைச் செய்யும் இருவர் அணியில் இருந்தார்கள், செய்ய ஆளில்லாத வேலை இன்னொன்று கிடந்தது, அந்தக் குறை தீர்ந்ததா? மதிப்பையும் சமநிலையையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் இந்தப் பழக்கமே பல தவறான தீர்ப்புகளுக்குக் காரணம் என்பது என் கருத்து. யாரை மையமாகக் கொண்ட சமநிலை என்று சொல்லாதவரை அணிச் சமநிலை என்பதற்குப் பொருளே இல்லை. மையம் தெளிந்த அணி சமநிலைக்காகச் சந்தை மதிப்பை விட்டுக்கொடுக்கலாம். மையம் தெளியாமல் விட்டுக்கொடுத்த அணி, தான் இழந்தது எதை என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிகிறது.

என்.பி.ஏ.வில் ஐரோப்பியக் கால்பந்தைப்போல வீரருக்கு விலை பேசி விற்கும் வழக்கம் இல்லை. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தமும், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வருங்காலத் தேர்வு உரிமைகளும்தான் கைமாறுகின்றன. ஊதிய வரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் ஊதியத்துக்கு ஏறத்தாழ இணையான ஊதியத்தைத்தான் பெற முடியும். 2024-25 பருவத்தில் அந்த வரம்பு சுமார் 14.06 கோடி டாலர். ஆகவே ஒரு வீரரின் பரிமாற்ற மதிப்பு ஒற்றை எண்ணாக எங்கும் வெளிப்படுவதில்லை. வயது, ஒப்பந்தத்தில் எஞ்சிய ஆண்டுகள், வாங்க முன்வரும் அணியின் அவசரம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. முதல் சுற்றில் தேர்வான இளைஞரின் தொடக்க ஒப்பந்த ஊதியம் தேர்வு வரிசையைப் பொறுத்தே அமையும். அவர் நட்சத்திரமாக வளர்ந்தாலும் முதல் நான்கு ஆண்டுகள் அணிக்கு அவர் மலிவுதான்.

சமநிலை என்ற பேச்சுக்கு அடிப்படை இதைவிட எளியது. ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர், பகிர்ந்தளிக்க அணியிடம் இருப்பது 240 நிமிடங்கள், பந்து ஒன்றே ஒன்று. இரண்டு சென்டர்களுக்கும் தலைக்கு 34 நிமிடம் தர வேண்டுமென்றால் இருவரும் ஒன்றாக ஆடும் நேரம் தவிர்க்க முடியாதது. அந்த நேரத்தில் ஒருவராவது கூடையிலிருந்து விலகி நின்று எறியத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையெனில் எதிரணியின் உயரமானவர்கள் கூடைக்கடியிலேயே நின்று வழியை அடைத்துவிடுவார்கள்.

திருத்தப்பட்ட பிளஸ்-மைனஸ் போன்ற புள்ளிவிவர முறைகள் சக வீரர்களின் தாக்கத்தைக் கழித்துவிட்டு, ஒருவரின் தனிப் பங்களிப்பை மட்டும் கணக்கிட முயல்கின்றன. பயனுள்ள முயற்சிதான். ஆனால் அந்த எண் சொல்வது, சராசரி அணி ஒன்றில் அவர் என்ன செய்வார் என்பதை. சராசரி அணி எந்த ஊரிலும் இல்லை. இருப்பது சாக்ரமென்டோ, இருப்பது இண்டியானா.

இரு நகரங்களின் பரிமாற்றம்

2022 பிப்ரவரி 8 அன்று நடந்த பரிமாற்றத்தைவிடத் தெளிவான பாடம் இந்தத் துறையில் அரிது. சாக்ரமென்டோ கிங்ஸிடம் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் இருவர் இருந்தனர்: டி'ஆரன் ஃபாக்ஸ், டைரீஸ் ஹாலிபர்ட்டன். போதாததற்கு 2021 டிராஃப்டில் ஒன்பதாம் இடத்தில் டேவியன் மிட்செல் என்ற இன்னொரு கார்டையும் எடுத்திருந்தார்கள். இண்டியானா பேசர்ஸிடம் டொமான்டஸ் சபோனிஸ், மைல்ஸ் டர்னர் என்று இரண்டு சென்டர்கள். ஒருவரின் மிகுதி மற்றவரின் குறை. சபோனிஸ் அதற்குள் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனவர். ஹாலிபர்ட்டன் தன் இரண்டாம் பருவத்தில் இருந்த 21 வயது இளைஞர். சபோனிஸ் சாக்ரமென்டோவுக்கும் ஹாலிபர்ட்டன் இண்டியானாவுக்கும் போனார்கள். வேறு சில வீரர்களும் சேர்ந்து கைமாறினாலும் பேரத்தின் உயிர் இந்த இருவர்தான்.

சாக்ரமென்டோவுக்கு உடனடிப் பலன் கிடைத்தது. 2006-க்குப் பின் 16 பருவங்கள் பிளே ஆஃப் வாசலையே மிதிக்காத அணி அது. லீகின் வரலாற்றில் அத்தனை நீண்ட வறட்சி வேறெந்த அணிக்கும் இல்லை. 2022-23இல் 48 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. சபோனிஸ் ரீபவுண்டில் லீகிலேயே முதலிடம் பெற்றார். முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச்சென்று தோற்றது. ஒரு நகரம் இத்தனை ஆண்டு காத்திருந்து பெற்ற மகிழ்ச்சியை வெறும் மேலாண்மைக் கணக்கால் தள்ளுபடி செய்ய நான் ஒப்பமாட்டேன்.

ஆனாலும் அந்த முடிவின் உள்ளே ஒரு பிழை இருந்தது. இரண்டு பாயிண்ட் கார்டுகளில் ஒருவர் போக வேண்டும் என்பதை நிர்வாகம் சரியாகக் கண்டது. யார் போக வேண்டும் என்ற கேள்வியை ஒப்பந்தத்தின் நீளத்தையும் மூப்பையும் வைத்தே தீர்த்துக்கொண்டதுபோல் தோன்றுகிறது. ஃபாக்ஸ் மின்னல் வேகக்காரர். கூடையை நோக்கிப் பாய்வதில் நிகரற்றவர். ஆனால் பந்து கையில் இல்லாதபோது அவரைக் கண்டு எதிரணி அஞ்ச வேண்டியதில்லை. தொலைவெறிதல் அவருடைய பலம் அல்ல. ஹாலிபர்ட்டனோ சாக்ரமென்டோவில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கண்டவர். பந்தை நடத்தவும் வல்லவர், பிறர் நடத்தும்போது ஓரத்தில் காத்திருக்கவும் வல்லவர். எவரோடும் பொருந்தும் வீரரைக் கொடுத்து, சிலரோடு மட்டுமே பொருந்தும் வீரரை மையமாக்கிக்கொண்டது அந்த அணி. பொருத்தத்துக்காகச் செய்த பரிமாற்றத்தில் பொருந்தும் இயல்பையே கைவிட்டது என்பதுதான் இதில் என்னை வருத்தும் செய்தி.

2025 பிப்ரவரியில் ஃபாக்ஸ் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். எந்த மையத்துக்காகச் சமநிலை தேடினார்களோ அந்த மையமே இல்லை. சபோனிஸ் எஞ்சினார், அவரைச் சுற்றி வேறொரு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் எஞ்சினார்கள். அந்தப் பருவம் 40 வெற்றி, 42 தோல்வி என முடிந்தது.

இண்டியானா எதிர்த்திசையில் நடந்தது. பரிமாற்றம் நடந்த பருவத்தில் 25 வெற்றி, அடுத்ததில் 35. பொறுமையைச் சோதிக்கும் எண்கள்தான். ஆனால் ஹாலிபர்ட்டனே மையம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. 2024 ஜனவரியில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து டொரான்டோவிலிருந்து பாஸ்கல் சியாகமை வாங்கினார்கள். 29 வயது, ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. சந்தைக் கணக்குப்படி ஆபத்தான பேரம். இருந்தும் ஹாலிபர்ட்டனின் வேகமான ஆட்டத்தில் அவரோடு ஓடக்கூடிய உயரமான முன்கள வீரர் என்ற இடத்தைச் சியாகம் அப்படியே நிரப்பினார். அந்த ஆண்டு கிழக்குப் பிரிவு இறுதி. 2025இல் சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடர், அதுவும் ஏழாவது ஆட்டம் வரை.

மையத்தையே பெயர்த்த பேரம்

சாக்ரமென்டோவின் தவறு மையத்தைத் தேர்ந்ததில் நேர்ந்தது என்றால், டல்லாஸ் செய்தது அதைவிடக் கடுமையானது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 25 வயது லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பி, 31 வயது ஆன்டனி டேவிஸையும், மாக்ஸ் கிறிஸ்டியையும், 2029இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் பெற்றது மாவெரிக்ஸ் நிர்வாகம். முந்தைய பருவத்தில் லீகிலேயே அதிகப் புள்ளிச் சராசரி, ஆட்டத்துக்கு 33.9, டான்சிச்சுடையது, அவர் தலைமையில்தான் டல்லாஸ் 2024 இறுதித் தொடரை எட்டியது. தடுப்பாட்டமே பட்டம் வெல்லும் என்பது பொது மேலாளர் நிகோ ஹாரிசன் முன்வைத்த காரணம்.

தடுப்பாட்டக் குறை உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். குறை என்பது எதைச் சுற்றியுள்ள குறை? டேனியல் காஃபர்ட், டெரிக் லைவ்லி என்ற சென்டர்களும், எறிதல் வல்ல ஓர வீரர்களும் டல்லாஸில் சேர்ந்ததே டான்சிச்சின் பாஸ்களை நம்பித்தான். அவரை நீக்கியதும் அந்தத் துணைப் பாத்திரங்கள் எல்லாம் தம் பொருளை இழந்தன. காஃபர்ட், லைவ்லி இருக்கும் இடத்தில் மூன்றாவது உயர வீரராக டேவிஸ் வந்தார். காயத்தால் அந்தப் பருவத்தில் டல்லாஸுக்காக ஒன்பது ஆட்டங்களே ஆடினார். அணி பிளே ஆஃப் காணவில்லை; 2025 நவம்பரில் ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார். வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் விழுந்து கூப்பர் ஃப்ளாக் கிடைத்தாரே என்று சிலர் சொல்லலாம். அது குலுக்கல் தந்தது. பரிமாற்ற முடிவின் தரத்தை அது சிறிதும் மாற்றாது.

இந்தப் பேரத்தின் மறுபக்கம் என் வாதத்துக்கு இன்னும் முக்கியம். லேக்கர்ஸின் சமநிலை அன்றே குலைந்தது. டேவிஸ் போனபின் அவர்களிடம் நம்பத்தக்க சென்டர் இல்லை. முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-1 எனத் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவின் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்தார். சமநிலைவாதிகள் எச்சரித்தது அப்படியே நடந்தது. ஆனால் அதே கோடையில், போர்ட்லாண்ட் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்த டிஆண்ட்ரே எய்ட்டனை எந்த வீரரையும் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். எய்ட்டன் டேவிஸுக்கு நிகரல்லர். ஆயினும் சென்டர் இல்லாத குறை கோடையில் சந்தைக்குப் போனால் ஓரளவாவது தீரக்கூடியது. டான்சிச் இல்லாத குறைக்கு எந்தச் சந்தையிலும் மருந்து கிடையாது.

ஃபீனிக்ஸ் எழுப்பும் மறுப்பு

இதுவரை சொன்னதை வைத்து, திறமையைச் சேர், அமைப்பு தானாக வரும் என்று ஒருவர் முடிவுகட்டினால் ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை மறுக்கும். 2023 பிப்ரவரியில் மிகல் பிரிட்ஜஸ், காம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள் உள்ளிட்ட பெரும் தொகுப்பைக் கொடுத்து கெவின் டுரன்டை வாங்கினார்கள். கோடையில் கிறிஸ் பாலை அனுப்பி பிராட்லி பீலை வாங்கினார்கள். டெவின் புக்கரோடு சேர்த்து மூன்று பெரும் புள்ளி எடுப்பாளர்கள். ஆட்டத்தை நடத்த பாயிண்ட் கார்டு இல்லை. 2024இல் மினசோட்டாவிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் முதல் சுற்றில் வெளியேறினார்கள். அடுத்த பருவம் 36 வெற்றிகள், பிளே ஆஃப் கிடையாது.

இது வலுவான மறுப்பு. அதன் வேர் லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2023இன் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அணியின் மொத்த ஊதியத்துக்கு அந்த ஒப்பந்தம் உண்டாக்கிய இரண்டாவது மேல்வரம்பு 2024-25இல் சுமார் 18.89 கோடி டாலர். அதைத் தாண்டும் அணி இரண்டு வீரர்களின் ஊதியத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது; ஊதிய வரம்பைத் தாண்டிய அணிகள் வழக்கமாக நடுத்தர வீரர்களைச் சேர்க்கப் பயன்படுத்தும் விதிவிலக்கும் அதற்கு இல்லை. லேக்கர்ஸ் ஒரு கோடையில் செய்துகொண்ட பழுதுபார்ப்பு ஃபீனிக்ஸுக்குச் சாத்தியமே இல்லை. கையில் தேர்வுகளும் இல்லை, கூட்டத்தக்க ஒப்பந்தங்களும் இல்லை. எனவே சமநிலையின் எடை எப்போதும் ஒன்றல்ல. குலைந்ததைச் சரிசெய்யும் வழி அணியின் கையில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அது ஏறி இறங்குகிறது. புதிய விதிகளுக்குப் பின் அந்த எடை கூடியிருக்கிறது என்பதை மதிப்புவாதிகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மில்வாக்கியின் அனுபவமும் இதை ஒட்டியது. யானிஸ் அன்டெட்டோகூன்போ என்ற மையம் அசையாது நிற்க, 2020இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொட்டி ஜூரூ ஹாலிடேயை வாங்கினார்கள். மிகை விலை என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. மறு ஆண்டே பட்டம் வந்தது. 2023இல் அதே ஹாலிடேயைக் கொடுத்து, சந்தையில் அவரைவிட உயர்ந்தவரான டேமியன் லில்லார்டைப் பெற்றார்கள். தடுப்பாட்டத்தின் முன்வரிசை சரிந்தது. காயங்களும் சேர்ந்து கெடுத்தன என்பது உண்மையே. ஹாலிடே பாஸ்டனுக்குச் சென்று 2024இல் இன்னொரு பட்டம் வென்றார். மில்வாக்கி அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. இரண்டு முறையும் தோற்கடித்தது இண்டியானா.

மதிப்பை விட்டுக்கொடுத்த ஓக்லஹோமா

2024 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 21 வயது ஜோஷ் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்கியது. கிடி 2021 டிராஃப்டின் ஆறாவது தேர்வு. கரூசோ டிராஃப்டில் எவராலும் தேர்வு செய்யப்படாதவர். கூடுதலாக ஒரு தேர்வுகூடக் கேட்கவில்லை. வயதைப் பார்த்தால் நட்டம். வருங்காலத்தைப் பார்த்தாலும் நட்டம். ஆனால் அதற்குமுன் டல்லாஸுடனான தொடரில் எதிரணி கிடியை எறியவிட்டு விலகி நின்றது. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் பாயும் வழியில் அதனால் இன்னொரு தடுப்பாளர் நின்றார். கிடி தொடக்க ஐவரிலிருந்து நீக்கப்பட்டார், தொடரும் போனது. பந்தைக் கையில் வைத்திருந்தால்தான் கிடியின் திறன் வெளிப்படும். அங்கே பந்து கில்ஜஸ்-அலெக்சாண்டருடையது. யார் மையம் என்ற கேள்வி ஓக்லஹோமாவில் முடிந்துபோன ஒன்று. வருங்காலத் தேர்வுகளும் அந்த அணியிடம் குவிந்திருந்தன. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிய இடத்தில் செய்யப்பட்ட பேரம் அது.

அடுத்த பருவம் 68 வெற்றி. இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட மிக உயரமான எதிரணிச் சென்டர் நிகோலா யோக்கிச்சை மறிக்கும் பொறுப்பு கரூசோவிடம் வந்தது. ஓக்லஹோமா 125-93 என வென்றது. பின்னர் இண்டியானாவை ஏழு ஆட்டங்களில் வென்று பட்டமும் பெற்றது. சிகாகோவும் ஏமாறவில்லை. பந்து கைக்கு வந்ததும் கிடி வளர்ந்தார்; 2025 செப்டம்பரில் நான்கு ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். ஓக்லஹோமாவில் உட்காரவைக்கப்பட்டவரும் சிகாகோவில் ஆட்டத்தை நடத்தியவரும் ஒரே ஆள். அவருக்கு இரு நகரங்களிலும் ஒரே மதிப்பைக் குறித்த பட்டியல் எதுவாயினும், அது இரண்டில் ஓர் இடத்தில் தவறாகவே இருந்திருக்கும்.