கோம்பாக் காட்டிய வழி

மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் கால்கொண்ட 1959ஆம் ஆண்டு தொடங்கி, பந்தாய்ப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு இறங்கி வந்து பசியாறிச் செல்லாத தமிழ் மாணவர் தலைமுறை இல்லை எனலாம். தோட்டத்து லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்தோரின் கதையை நாம் பலவாறு எழுதிவிட்டோம். ஆனால், அதே தோட்டங்களின் ஓரத்தில் நமக்கு முன்பே வாழ்ந்திருந்த மற்றொரு மக்களின் பிள்ளைகள் அப்பள்ளத்தாக்கை ஏன் அரிதாகவே எட்டினர் என்று நாம் கேட்டதில்லை. ஓராங் அஸ்லி எனப்படும் தீபகற்பத்துப் பூர்வகுடிகளையே இங்குக் குறிக்கின்றேன்.

கிள்ளானுக்குத் தெற்கே, கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயர் தாங்கிய தீவில் இவ்விரு சாராரும் அண்டை வீட்டார். ஒருபுறம் தமிழர் லயங்கள். மறுபுறம் மா மேரி மக்களின் சிற்றூர்கள். நீரிப் பத்து மரத்தில் முன்னோர் உருவங்களைச் செதுக்குவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. எனினும், நம்மவர் நாவில் அவர்களுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘சக்காய்’ என்பதே. பிறரை அண்டிப் பிழைப்பவன், அடிமை என்னும் பொருள்கள் அச்சொல்லில் தொனிப்பதை அறியாமல் வழங்கினோம் என்று சொல்லித் தப்பிவிட இயலாது. ‘கூலி’ என்று நம்மை அழைத்தபோது கொதித்தெழுந்தவர்கள் அல்லவா நாம்?

1960-களில் கோலாலம்பூரின் ஆய்வுக்கூடங்கள் இம்மக்களைப் பெரிதும் நாடின. அவர்களுள் பலருடைய சிவப்பணுக்கள் வட்டமாக இராமல் நீள்வட்டமாக இருப்பதை லீ இஞ்சோ என்னும் பெண் ஆய்வாளரும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்தனர். மலேரியாக் கிருமியை எளிதில் நுழையவிடாத அணுக்கள் அவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உலக அறிவியலுக்கு அம்மக்கள் தம் குருதியையே தந்தனர். அக்குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் இருக்கையில் அவர்களுள் ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற எண்ணம் ஆய்வாளரிடையே பரவலாக எழவில்லை.

ஆயினும், ஓரிடத்தில் எழுந்தது. அதுவே கோம்பாக்.

1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது, கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் செய்தியும் கிடைக்காமல் தடுக்கக் காட்டுவாசிகளை வேலியிட்ட குடியேற்றங்களில் அடைத்தது அரசு. வெப்பமும் நோயும் மனமுறிவும் சேர்ந்து அங்கே பலர் மாண்டனர். தவற்றை உணர்ந்த ஆட்சியாளர் வழியை மாற்றினர். 1954இல் பூர்வகுடிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. தனித் துறையும் வலுப்பெற்றது. அன்பினால் அன்று, போர்த் தந்திரத்தினாலேயே இக்கதவு திறந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

அக்கதவின் வழியாக வந்ததுதான் கோலாலம்பூருக்கு வடக்கே, பெந்தோங் செல்லும் பழைய சாலையில் 1950-களின் பிற்பகுதியில் உருவான கோம்பாக் மருத்துவமனை. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குத் தனியே கொண்டுவரப்பட்ட காட்டு நோயாளி, நோயினும் தனிமைக்கே அஞ்சினான். அதனை மால்கம் போல்டன் என்னும் மருத்துவர் நன்குணர்ந்திருந்தார். ஆகவே, கோம்பாக்கில் நோயாளியுடன் மனைவி மக்களும் தங்கலாம்; தாமே சமைத்து உண்ணலாம். அதனினும் பெரிது ஒன்றுண்டு. பள்ளிச் சான்றிதழ் போதாத ஓராங் அஸ்லி இளைஞர்களையும் பெண்களையும் அங்கேயே பயிற்றினர். தாதியராக, மருத்துவ உதவியாளராக, ஆய்வுக்கூட உதவியாளராக அவர்கள் பணியாற்றினர். நோயாளியின் மொழியிலேயே ஊசியின் பயனை எடுத்துரைக்க அவர்களால் முடிந்தது. காட்டில் வாழ்பவனுக்கு அறிவியல் எட்டாது என்ற பேச்சு அம்மருத்துவமனையின் ஆய்வுக்கூட மேசையிலேயே பொய்த்துப் போயிற்று. இப்போ மரத்தின் பாலைக் காய்ச்சி, இதயத்தை நிறுத்தும் நஞ்சாக அம்பு நுனியில் ஏற்றத் தெரிந்தவனுக்கு, சோதனைக் குழாயில் அளவு பார்ப்பது அப்படியென்ன அரிய வித்தை!

வேதனை என்னவெனில், மருத்துவத்தில் கண்ட இந்தத் தெளிவு கல்வியில் இல்லாமற்போனது. அதே துறைதான் காட்டூர்ப் பள்ளிகளையும் நடத்தியது. முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத துறைப் பணியாளர்களே பலவிடங்களில் பாடம் சொன்னார்கள். 1995இல்தான் அப்பள்ளிகள் கல்வி அமைச்சின் பொறுப்புக்கு வந்தன. மேல்வகுப்புக்குச் செல்லும் சிறுவன், பெற்றோரைப் பிரிந்து தொலைவிலுள்ள விடுதிக்குப் போக வேண்டும். எந்தத் தனிமையைக் கோம்பாக் நீக்கியதோ, அந்தத் தனிமையையே கல்வி அவன்மீது சுமத்திற்று. 2015இல் கிளந்தானில் தண்டனைக்கு அஞ்சி விடுதியைவிட்டுக் காட்டுக்குள் ஓடிய எழுவரில் இருவரே, ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டனர். கல்விக்காக வீட்டைவிட்டு அனுப்பிய பிள்ளைகளை இப்படி இழந்த ஊரில், அடுத்த பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாயை நாம் அறிவிலி என்போமா?

சட்டத்திலும் ஒரு நெருடல் உண்டு. அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு மலாய்க்காரரையும் சபா, சரவாக் சுதேசிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தீபகற்பத்துப் பூர்வகுடிகளைக் குறிப்பிடவில்லை. அவர்களது நலனுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் இசைவு 8ஆம் பிரிவில் உள்ளது. ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு தலைமுறையே விழுந்துவிடக் கூடும்.

இத்தனையும் கடந்து மேலேறியோர் உண்டு. செமாய் இனத்தவரான ஜூலி எடோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் போதித்துப் பேராசிரியரானார். 2019இல் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கணக்கிட்டால், அம்மக்களுள் ஒருவர் அப்பொறுப்பில் அமர 65 ஆண்டுகள் ஆயின. ஆனால், அவர் ஏறிய படி மானிடவியல் என்பதைக் கவனிக்க வேண்டும். வரலாறும் சமூகவியலும் இடையில் விட்ட பாடத்தைப் பின்னர்ப் படித்து ஈடுசெய்ய ஓரளவு இடங்கொடுக்கும். பொறியியல் அவ்வாறன்று. பன்னிரண்டு வயதில் பின்னக் கணக்குப் புரியாதவனுக்குப் பதினேழு வயதில் நுண்கணிதம் புரியாது; ஆய்வுக்கூடம் காணாத பள்ளியிலிருந்து வந்தவன், பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டிலேயே திணறிப்போவான். அப்போது அவனுக்கு உபகாரச் சம்பளத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தனியே விடுவது, நீந்தத் தெரியாதவனுக்குப் படகுக் கூலி கொடுத்து நடு ஆற்றில் இறக்கிவிடுவது போலாகும்.

இது நமக்குத் தெரியாததன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்கப் பணித்தும், நம் பிள்ளைகள் பலர் ஆறாம் வகுப்போடு பால்மரத்துக்குத்தான் போனார்கள். 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கியது. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே தம்பி தங்கைகளுக்கு ஆசிரியராயினர். படித்தவன் திரும்பி வந்து கற்பித்தான். பெற்றோர் அருகிலிருந்து பார்த்தனர். கோம்பாக்கின் கொள்கையை, அப்பெயர் அறியாமலே, நாம் கைக்கொண்டோம். நமக்குக் கோயிலும் சங்கமும் நாளேடும் துணைநின்றன. 1970-களில் தமக்கென ஒரு சங்கம் கண்ட ஓராங் அஸ்லி மக்களின் தொகை இன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சமே. அதிலும் பதினெட்டு இனங்கள், பல மொழிகள்.

ஆகவே, அவர்களுக்கு உதவ எண்ணும் நம் பட்டதாரி இளைஞர்கள் கோலாலம்பூரில் ஒரு மண்டபம் பிடித்து அவர்களை வரவழைக்க வேண்டாம். கேரித் தீவின் பாலத்தைக் கடந்து சுங்கை பும்புனுக்குச் செல்லட்டும். கணக்கு வகுப்பை அங்கே, தாய்மார் பாய் முடையும் இடத்தின் அருகிலேயே வைக்கட்டும். மரத்தில் முகம் செதுக்கும் பெரியவரிடம் உளியின் கோணத்தைக் கேட்டுக்கொண்டு, முதற்பாடத்தை அந்தக் கோணத்திலிருந்தே தொடங்கட்டும். பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் வந்து அதே பாயில் உட்காரலாம்.