முப்பத்தெட்டா, நாற்பத்தைந்தா?

‘பாயிண்ட் 38 ரிவால்வர்’, ‘பாயிண்ட் 45’ என்றெல்லாம் துப்பறியும் கதைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் கூறும் எண்கள் இவை. 45 என்பது ஏறக்குறைய 11.4 மில்லிமீட்டர். 38 என்று பெயர் பெற்ற குண்டை அளந்து பார்த்தாலோ 9 மில்லிமீட்டர்தான் வரும்! உயிருக்கு ஆபத்தான வேளையில் இவற்றுள் எது காப்பாற்றும்? இக்கேள்விக்குச் சோதனை மூலம் விடை காண அமெரிக்கர்கள் முயன்ற வரலாறு விசித்திரமானது.

1899-இல் அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடிக்கப் போரிட்டது. தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் மோரோ மக்கள் வாளேந்தி எதிர்த்தனர். (தம் மண்ணைக் காத்து நின்றவர்கள் அவர்களே என்பதை மறந்துவிட வேண்டாம்.) 38 ரிவால்வரால் பல முறை சுட்டும் மோரோ வீரர்கள் நிற்காமல் ஓடிவந்து வெட்டுகிறார்கள் என்று முறையீடுகள் எழுந்தன. பழைய 45 ரிவால்வர்களை மீண்டும் கொடுத்தார்கள்.

1904-இல் படைக்கலத் துறையின் தாம்சனும் மருத்துவப் பிரிவின் லகார்டும் சிகாகோவில் சோதனை நடத்தினர். அடிமாட்டுத் தொழுவத்தில் உயிருள்ள மாடுகளைச் சுட்டு, அவை விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஊசலாடுகின்றன என்றும் குறித்தார்கள். படிக்கவே மனம் கூசுகிறது. அறிவியலாகப் பார்த்தாலும் இது பலவீனமான சோதனை. மாடுகள் சில. ஒவ்வொன்றிலும் குண்டு பட்ட இடம் வேறு.

ஊசலாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் எடையுள்ள 45 குண்டு வினாடிக்கு 260 மீட்டர் வேகத்தில் 65 கிலோ மனிதர் மேல் பாய்ந்து உள்ளேயே தங்கினால், உந்த அழிவின்மை விதிப்படி அவர் உடல் பெறும் வேகம் வினாடிக்கு 6 சென்டிமீட்டர்! நாம் மெல்ல நடக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திரைப்படத்தில் குண்டு பட்டவர் பின்னால் பறந்து விழுவது வெறும் கற்பனை. அத்தனை விசை இருந்தால் சுட்டவரும் அல்லவா பறக்க வேண்டும்?

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 45 குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 500 ஜூல். ஜெர்மனியின் 9 மில்லிமீட்டர் லூகர் குண்டு 8 கிராம்தான். ஆனால் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய அதே 500 ஜூல்தான். பிலிப்பைன்சில் பழி சுமந்த 38 குண்டுக்கோ இதில் பாதி அளவே இருந்தது. மெலிந்த குண்டு என்று குறை சொன்னார்கள். வேகம் குறைந்த குண்டு என்பதே பொருத்தம்.

45-க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. 1911-இல் பிரவுனிங் வடிவமைத்த 45 கைத்துப்பாக்கி படைக்கு வந்தது. ஆனால் அதே அறிக்கை, உடலின் பெரும்பாலான இடங்களில் பட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளை உடனே நிறுத்தாது, ஆகையால் வீரர்களுக்குக் குறி தவறாமல் சுட இடைவிடாத பயிற்சி வேண்டும் என்றும் கூறியிருந்தது. எண் நினைவில் நின்றது. இந்த வரியை அநேகர் மறந்தார்கள்.

1986 ஏப்ரல் 11-இல் மயாமி பகுதியில் எஃப்.பி.ஐ. காவலர் இருவர் கொல்லப்பட்டனர். கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். மீண்டும் பழி குண்டின் மேல்! இம்முறை மாடுகளுக்குப் பதில் 10 சதவீத ஜெலட்டின் கட்டிகளைச் சுட்டார்கள். குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது அளவுகோலாயிற்று. முதலில் 10 மில்லிமீட்டர் துப்பாக்கி வந்தது. அதன் உதைப்பு பலருக்குக் கடுமையாக இருந்தது. 1990-இல் பாயிண்ட் 40 தோட்டா பிறந்தது.

பிறகு குண்டுகளின் அமைப்பு மேம்பட்டது. அளவுகளுக்கிடையே காயத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உதைப்பு குறைந்த துப்பாக்கியால் விரைந்தும் குறியாகவும் சுட முடிகிறது, தோட்டாக்களும் கூடுதலாக அடங்கும் என்று 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீட்டருக்கே திரும்பப் பரிந்துரைத்தது. 1904-இல் சிகாகோ தொழுவத்தில் சுட்டுப் பார்த்து ஒதுக்கிய தோட்டாக்களுள் அந்த 9 மில்லிமீட்டர் லூகரும் ஒன்று.