கிறிப்புக்கு முந்தின கதை

போன வருசம் எங்கட குழுவில ஒருத்தர் வீட்டுக்கடனுக்குப் போனார். சம்பளச் சிட்டை, காணி உறுதி, வீட்டு வரைபடம், பிரதேச சபை அனுமதி எல்லாம் கொண்டுபோய்க் குடுத்தாச்சு. இரண்டு கிழமை கழிச்சு வங்கியில இருந்து கோல் வந்தது. "தம்பி, உங்கட பெயர் கிறிப்பில கிடக்கு." அவர் தன்ர பெயரில ஒரு ரூபாயும் கடன் எடுத்ததில்லை. மாமாவின்ர ஓட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான். கொரோனா நேரம் ஓட்டோ ஓடேல்ல, மாமா தவணைகளை விட்டிட்டார். அந்த விட்ட தவணைகள் இவருடைய பெயரிலும் போய் ஒட்டிக்கொண்டு நின்றன.

அதுக்குப் பிறகுதான் நாங்கள் இதைப்பற்றி ஒழுங்காக யோசிச்சம். ஒரு ஆள் வாங்கின காசைத் திருப்பிக் கட்டுவாரோ இல்லையோ எண்டதை ஆர் தீர்மானிக்கிறது? இப்ப அந்த வேலையில பாதியைச் செய்யிறது கொடுகடன் தகவல் பணியகம். அது வரமுதல் ஆர் செய்தது?

யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்கலாம். 1707இல் ஒல்லாந்தர் காலத்து திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றிக்கு நல்ல இடம் இருக்கிறது. தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்மார் பார்த்துச் சரி சொன்னார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதையே சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒற்றி எண்டால், காசு தந்தவர் காணியை எடுத்து விளைவை அனுபவிப்பார். அந்த விளைவுதான் வட்டி. முதலைத் திருப்பிக் குடுத்தால் காணி திரும்பி வரும். எந்தப் பயிர் நிற்கிற காணியை எந்தப் பருவத்தில் மீட்கலாம் எண்டதுக்கும் முறை இருந்தது. ஒற்றிக்காரன் எரு போட்டு விதைச்சுவிட்டு நிற்கேக்க வந்து காணியைக் கேட்க ஏலாது.

இந்த ஏற்பாட்டில் கடன் கேட்கிறவரின் பழைய நடத்தை பெரிய விசயமில்லை. அவர் நாணயமானவரோ, குடிகாரனோ, போன வருசம் ஆருக்கும் காசு விட்டவரோ, காணி விளைந்தால் போதும். இதைக் கேட்டதும் எங்களில் சிலருக்கு "அப்ப அந்தக் காலம் நல்லம்தானே" எண்டு தோன்றினது. இல்லை. ஒற்றி வைக்கக் காணி வேணும். அதே தேசவழமையில்தான் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எண்டு அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. காணி உள்ளவனுக்குக் கடன் வரலாறு தேவைப்படவில்லை. காணி இல்லாதவன் கதைக்குள்ளேயே வரவில்லை. அவனே இன்னொருத்தரின் சொத்தாக எழுதப்பட்டிருந்தான்.

மலையகத்தில் இது வேறு மாதிரி நடந்தது. அங்கே தொழிலாளருக்குக் கடன் வரலாறு இருந்தது, அதுவும் எழுத்தில். அதன் பெயர் துண்டு. இந்தியாவில் இருந்து வந்த பயணச் செலவு, கங்காணி தந்த முற்பணம், அரிசிக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஆளின் தலையில் கடனாக நிற்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேணும் எண்டால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவோம் எண்டு எழுதின துண்டு வேணும். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். கடன் ஆளோடு கூடவே போகும், புதுத் தோட்டத்தின் கணக்கில் மறுபடி ஏறும். வங்கிகள் கடன் வரலாற்றைப் பார்த்து "தர ஏலாது" எண்டு சொல்லும். துண்டு "நீ போக ஏலாது" எண்டு சொன்னது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லயன் அறை மட்டும் தொழிலாளரின் சொத்தாகவில்லை. இன்றைக்கும் லயத்தில் இருக்கிற பலரிடம் ஈடு வைக்க ஒரு உறுதி கிடையாது. மலையக நண்பர்கள் வீட்டுக்கடன் பற்றிக் கதைக்கேக்க சிரிக்கிறது அதனாலதான்.

அதே தோட்டங்களின் துரைமாருக்கு நடந்ததையும் பாருங்கள். கோப்பி இன்னும் மரத்தில் நிற்கேக்கயே அதைக் காட்டி முற்பணம் வாங்கலாம். 1869இல் இலை நோய் வந்தது. தோட்டங்கள் விழ, 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. மக்களின் கையில் இருந்த அந்த வங்கியின் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கத்தைப் பிணை நிறுத்தினார். எங்கட சிநேகிதர் மாமாவுக்கு நின்ற அதே பிணைதான், அளவு மட்டும் கொஞ்சம் பெரிசு.

கொழும்பில் இருந்த வெளிநாட்டு வங்கிகள் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகக் கடன் குடுக்கிறது அருமை. இடையில் செட்டியார் தெரு இருந்தது. வங்கி நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் குடுக்கும், அவர்கள் கூடின வட்டிக்கு வெளியில் குடுப்பார்கள். எந்தச் செட்டியார் கடைக்கு எவ்வளவு நம்பிக் குடுக்கலாம் எண்டு வங்கிக்குச் சொல்லுறது ஒரு சிறாப்பர். சொல்லுறது மட்டுமில்லை, பொறுப்பும் அவர்தான். கடன் தவறினால் அவரும் பதில் சொல்லவேணும். எங்கட ஊர்களில் கச்சேரிச் சிறாப்பர் எண்டு காசாளரைச் சொல்லுவார்கள், அதே சொல்தான். யோசிச்சுப் பார்த்தால் அந்தக் காலத்துக் கிறிப் அவருடைய தலைக்குள் இருந்தது.

1925இல் ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்தது. வங்கிகள் பயந்து செட்டியார்களுக்குக் குடுக்கிறதைச் சுருக்கின. அவர்களை நம்பியிருந்த சின்னச் சின்ன வியாபாரிகளுக்கும் தோட்டக்காரருக்கும் கதவு மூடியது. பின்னால் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேங்காய், றப்பர் விலை விழ, ஈடு வைத்த காணிகள் பல கடன் குடுத்தவர்களின் கைக்குப் போயின. செட்டியார்மேல் இருந்த கோபம் அந்தக் காலத்து அரசியல் முழுக்கத் தெரியும். எங்கட பார்வையில் அந்தக் கோபத்தில் பாதி வங்கிகளுக்குப் போயிருக்க வேண்டியது. சனத்தோடு முகம் பார்த்து நின்றது செட்டியார் எண்டபடியால் பேச்சு முழுக்க அவருக்கு.

1931இல் அரச ஈட்டு வங்கி வந்தது. காணியை ஈடு வைத்து நீண்ட காலக் கடன், ஆனால் உறுதி தெளிவாக இருக்கவேணும். பத்துப்பேர் பங்குக் காணி வைத்திருக்கிற நாட்டில் அது எவ்வளவு பேருக்குச் சரிவரும் எண்டு நீங்களே யோசியுங்கோ. அதுதான் பிறகு மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து இன்றைய அரச ஈட்டு முதலீட்டு வங்கியானது. 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு விசாரித்தது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி திறந்தது. உள்ளூர்க்காரருக்குக் கடன் குடுக்க ஒரு வங்கி வேணும் எண்ட வாதம் வெல்ல இவ்வளவு காலம் எடுத்தது. அதுவரைக்கும் இலங்கையர் எல்லாருக்கும் ஒரே கடன் வரலாறுதான், மோசமானது. தனி ஆளாக ஒருத்தரும் தவறு செய்திருக்கத் தேவையில்லை.

பிறகு 1990. அந்த வருசம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, வழக்கில்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போட வங்கிகளுக்கு அதிகாரம் தந்தது. பராட்டே எண்டு செய்திகளில் கேட்டிருப்பீர்கள், 2024இல் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தார்கள். மற்றது, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். கிறிப் அதில்தான் பிறந்தது.

அந்த வருசம் எங்கட பக்கத்தில் என்ன நடந்தது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டார்கள், வீட்டையும் உறுதியையும் விட்டுவிட்டு. தெற்கில் ஒவ்வொருத்தருக்கும் கடன் கோப்பு ஒன்று வளரத் தொடங்கின காலத்தில், இங்கே இருந்த கோப்புகளே எரிந்துகொண்டிருந்தன. 1994இல் தொடங்கின தமிழீழ வைப்பகத்தில் கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். அந்த நாணயத்துக்கு எந்தக் கிறிப்பிலும் ஒரு வரி இல்லை. 2009க்குப் பிறகு பாதை திறக்க, வன்னிக்கு லீசிங்காரரும் நுண்கடன்காரரும் வந்திறங்கினார்கள். பலருடைய வெறும் பக்கத்தில் முதல் விழுந்த எழுத்து ஒரு மோட்டார் சைக்கிள் தவணை. அல்லது கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய குழுக்கடன்.

பெண்களுக்கு இன்னும் ஒரு பூட்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன்னுடைய காணியை, அது சீதனக் காணியாக இருந்தாலும், கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்க ஏலாது. கணவன் எங்கே எண்டு தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் இருக்கிற மண்ணில் இந்த வசனத்தைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. அவளுடைய கடன் வரலாறு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முதலில் நீதிமன்றப் படி ஏறவேணும்.

எங்கட சிநேகிதரின் கதைக்கு வருவம். அவர் முதலில் செய்தது கிறிப் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்த்தது. அதை ஆரும் எடுக்கலாம். கறுப்புப் பட்டியல் எண்டு ஒன்று அங்கே இல்லை, கடன் தரவோ மறுக்கவோ கிறிப் தீர்மானிக்கிறதும் இல்லை. கட்டினது, கட்டாதது இரண்டும் அங்கே இருக்கும், முடிவு எடுக்கிறது வங்கி. மாமாவின் நிலுவையை இரண்டு குடும்பமும் சேர்ந்து கட்டி முடித்தார்கள். லீசிங் நிறுவனத்திடம் கணக்கு முடிந்த கடிதம் வாங்கி, பதிவு திருந்தும் வரைக்கும் சில மாதம் காத்திருந்தார். அந்த மாதங்களில் சம்பளம் வாற கணக்கைக் கலங்காமல் வைத்திருந்தார். பிறகு வேறொரு வங்கிக்குப் போனார். அங்கேயிருந்த மனேச்சர் கோப்பைப் பார்த்துவிட்டு, கேட்ட தொகையைக் குறைத்து, அம்மாவையும் கூட்டு விண்ணப்பகாரராகப் போடச் சொன்னார். ஈட்டுக்கு அம்மாவின் சீதன வளவு.

கடன் சரிவந்தது. நொத்தாரிசு வீட்டில் ஈட்டு உறுதி எழுதின நாள் அம்மா கையெழுத்து வைத்தார். அதுக்கு மேலே ஒரு இடம் வெறுமையாக இருந்தது. நொத்தாரிசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயாவும் ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ, உங்கட சம்மதம் வேணும்" எண்டார். வெளியில மோட்டார் சைக்கிளில குந்திக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்தார்.