மெய்நிகர் உண்மையும் மேசைக்கணினியின் வரைகலை அட்டையும்

மெய்நிகர் உண்மை என்பது கணினி உருவாக்கும் முப்பரிமாணக் காட்சியைத் தலையில் அணியும் கருவி வழியாகக் காட்டி, அக்காட்சிக்குள்ளேயே இருப்பதாக ஒருவரை உணரச் செய்யும் தொழில்நுட்பம் ஆகும். மேசைக்கணினியில் இக்காட்சியை வரைந்து தருவது வரைகலை அட்டை. பேச்சு வழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் வீட்டுப் பயன்பாட்டுக்கான தலையணிக் கருவிகள் விற்பனைக்கு வந்தபோது, உலகில் இருந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றால் அவற்றை இயக்க முடியவில்லை. அவ்வாண்டில் உலகம் முழுவதும் சுமார் 1.3 கோடி கணினிகளுக்கே அத்திறன் இருக்கும் என்று வரைகலைச் சில்லுகளைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே கணித்தது. இது அன்று பயன்பாட்டில் இருந்த கணினிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மற்றவர்கள் கணினிப் பெட்டியைத் திறந்து அட்டையை மாற்ற வேண்டியிருந்தது அல்லது புதிய கணினியே வாங்க வேண்டியிருந்தது. இந்த நிலை எவ்வாறு உருவாகி, எவ்வாறு தணிந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்க காலம்

அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லாண்ட் 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணினித் திரை என்பது கற்பனை உலகைக் காட்டும் சாளரமாக மாற இயலும் என்ற கருத்தை முன்வைத்தார். 1968இல் அவரே தம் மாணவர்களின் துணையுடன் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். தலையின் அசைவை அளக்கும் உலோகக் கை கூரையிலிருந்து தொங்கியது. தலைக்கு மேல் ஒற்றை மயிரிழையில் வாள் தொங்கும் கிரேக்கக் கதையை நினைவூட்டியதால், டாமக்ளிஸின் வாள் என்ற பெயர் அதனுடன் ஒட்டிக்கொண்டது. அக்கருவி காட்டியவை வெறும் கோட்டு வடிவங்களே. நிறமோ நிழலோ நிரப்பப்பட்ட பரப்போ இல்லை. ஆயினும் அணிந்தவர் தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறியது.

1980களில் ஜாரன் லேனியர் நிறுவிய விபிஎல் ரிசர்ச் நிறுவனம், தலையணிக் கருவியையும் கை அசைவை உணரும் கையுறையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றை இயக்க விலை மிகுந்த சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகள் தேவைப்பட்டன. எனவே அவை ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வீடுகளுக்கு வரவில்லை. 1991இல் பிரிட்டனைச் சேர்ந்த விர்ச்சுவாலிட்டி நிறுவனம் விளையாட்டுக் கூடங்களில் வைக்கும் எந்திரங்களை உருவாக்கியது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்ட விர்ச்சுவல் பாய் கருவி சிவப்பு நிறத்தை மட்டுமே காட்டியது. தலை அசைவையும் அது உணரவில்லை. ஓராண்டுக்குள் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. எண்ணம் இருந்தும் அதை வரைந்து காட்டும் மலிவான வன்பொருள் இல்லாததே இம்முயற்சிகள் பரவாமைக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

வரைகலை அட்டையின் வளர்ச்சி

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியிலேயே திரைக்கென்று தனி அட்டை இருந்தது. எழுத்துகளையும் எளிய படங்களையும் திரைக்கு அனுப்புவதே அதன் வேலை. முப்பரிமாணக் காட்சிக்கான கணக்குகளை மையச் செயலியே செய்தது.

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை வந்தபின் இந்நிலை மாறியது. அது பழைய அட்டையை நீக்கிவிட்டுப் பொருத்துவது அன்று. அதனுடன் கூடுதலாகப் பொருத்துவது. பழைய அட்டையிலிருந்து ஒரு கம்பி வூடூ அட்டைக்கும், அங்கிருந்து இன்னொன்று திரைக்கும் சென்றன. விளையாட்டுக்காகப் பெட்டியைத் திறந்து அட்டை ஒன்றைச் செருகும் பழக்கம் இக்காலத்தில்தான் பரவலாயிற்று. 1999இல் என்விடியா வெளியிட்ட ஜீபோர்ஸ் 256, முப்பரிமாண வடிவங்களை இடம்பெயர்த்தல், ஒளியூட்டல் ஆகிய கணக்குகளையும் மையச் செயலியிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. ஜிபியு என்ற சொல்லைப் பரப்பியதும் இந்த அட்டையே. 2000இன் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்கியது. அதன் போட்டியாளரான ஏடிஐ நிறுவனத்தை 2006இல் ஏஎம்டி வாங்கியது.

அட்டையைச் செருகும் இடமும் மாறிக்கொண்டே வந்தது. ஐஎஸ்ஏ, பிசிஐ, 1997இல் ஏஜிபி, 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என அவை அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய தாய்ப்பலகையில் புதிய அட்டை பொருந்தாமல் போனது. பிசிஐ எக்ஸ்பிரஸுக்குப் பின் இச்சிக்கல் குறைந்தது. அதன் பிற்காலப் பதிப்புகளுக்கான அட்டைகள் முந்தைய பதிப்புத் தாய்ப்பலகைகளிலும் இயங்குகின்றன.

ஆக்குலஸ் ரிப்ட்

பால்மர் லக்கி என்ற இளைஞர் உருவாக்கிய தலையணிக் கருவியின் மாதிரியை, விளையாட்டு நிரலர் ஜான் கார்மாக் 2012இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2.5 லட்சம் டாலர் கேட்டுத் தொடங்கிய நிதி திரட்டல் 24 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. திறன்பேசிகளுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட சிறு திரைகளும் அசைவு உணரிகளும் மலிவாகியிருந்ததே இக்கருவி சாத்தியமானதற்குக் காரணம். 2014 மார்ச்சில் பேஸ்புக் ஆக்குலஸ் நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 மார்ச் 28 அன்று ரிப்ட் 599 டாலர் விலையிலும், ஏப்ரல் 5 அன்று எச்டிசி வைவ் 799 டாலர் விலையிலும் வெளிவந்தன.

இவ்விலையில் கணினி சேராது. 2015 மே மாதத்திலேயே ஆக்குலஸ் தன் பரிந்துரையை வெளியிட்டிருந்தது. என்விடியா ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஏஎம்டி ஆர்9 290 அட்டை, இன்டெல் ஐ5-4590 அல்லது அதற்கு மேற்பட்ட செயலி, 8 ஜிபி நினைவகம் ஆகியவை அதில் இடம்பெற்றன. கருவியும் கணினியும் சேர்ந்த தொகுப்புகளின் தொடக்க விலை 1,499 டாலர்.

இவ்வளவு திறன் ஏன் தேவைப்பட்டது?

எளிய பெருக்கல் கணக்கே இதற்கு விடை தரும். வழக்கமான முழு எச்டி திரையில் அகலவாக்கில் 1,920 படப்புள்ளிகளும் உயரவாக்கில் 1,080 படப்புள்ளிகளும் உள்ளன. ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் எனில் அட்டை நொடிக்குச் சுமார் 12.4 கோடி புள்ளிகளை வரைய வேண்டும்.

ரிப்ட் கருவியின் இரு கண்களுக்கான திரைகளும் சேர்ந்து 2,160 × 1,200 புள்ளிகள் கொண்டவை. நொடிக்கு 90 படங்கள். இதன்படி நொடிக்குச் சுமார் 23.3 கோடி புள்ளிகள் ஆகின்றன. கண்ணருகே உள்ள வில்லைகள் படத்தை வளைத்துக் காட்டுவதால், அதை ஈடுகட்ட மென்பொருள் முன்கூட்டியே படத்தை எதிர்த்திசையில் வளைக்க வேண்டும். அவ்வாறு வளைத்த பின்னும் படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்க, முதலில் அளவில் பெரிய படத்தை வரைய வேண்டும். இதையும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 40 கோடி புள்ளிகள். அதாவது, முழு எச்டி திரைக்குச் செய்யும் வேலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

காலக்கெடுவும் கடுமையானது. நொடிக்கு 90 படம் எனில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லிநொடி மட்டுமே. மேசைமீதுள்ள திரையில் ஒரு படம் தவறினால் காட்சி சற்றுத் தடுக்கும். பார்ப்பவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தலையணிக் கருவியில் அப்படியன்று. தலை திரும்பிவிட்டதை உட்செவி உணர்ந்திருக்கும். கண்ணுக்கோ காட்சி இன்னும் திரும்பியிருக்காது. இம்முரண்பாடு தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கும். தலை அசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடைப்பட்ட தாமதம் 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. ஆகவே இங்கு அட்டையின் திறன் அழகைப் பற்றியது மட்டுமன்று, அணிபவரின் உடல்நலத்தைப் பற்றியதும் ஆகும்.

அட்டை மாற்றத்தில் எழுந்த சிக்கல்கள்

அட்டையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தவர்கள் பல தடைகளைக் கண்டனர்.

முதலாவது மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகிடம் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமெனில் மின்வழங்கியிலிருந்து தனி இணைப்பு தேவை. ஆறு முனை இணைப்பு 75 வாட்டும் எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் கூடுதலாகத் தரும். அலுவலகப் பயன்பாட்டுக்கான பல கணினிகளில் இவ்விணைப்புகளே இல்லை. அவற்றில் மின்வழங்கியையும் மாற்ற நேர்ந்தது. சிறிய பெட்டிகளில் நீண்ட அட்டைக்கு இடமும் இல்லை.

இரண்டாவது துளைகள். ரிப்ட் கருவிக்கு ஒரு எச்டிஎம்ஐ துளையும் பல யுஎஸ்பி துளைகளும் தேவைப்பட்டன. ஒரே எச்டிஎம்ஐ துளை கொண்ட அட்டையில், முன்பு அதில் செருகியிருந்த திரையை வேறு துளைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது மடிக்கணினி. பெரும்பாலான மடிக்கணினிகளில் அட்டையை மாற்ற இயலாது. தனி வரைகலைச் சில்லு இருந்த பலவற்றிலும் வெளித்திரைக்கான துளை, ஒருங்கிணைந்த வரைகலைச் சில்லின் வழியாகவே இணைக்கப்பட்டிருந்ததால் அவை பயன்படவில்லை.

அட்டைகளிலும் குறைகள் வெளிப்பட்டன. ஜிடிஎக்ஸ் 970இன் 4 ஜிபி நினைவகத்தில் கடைசி 0.5 ஜிபி மெதுவாக இயங்குவது 2015 ஜனவரியில் தெரியவந்தது. 2016 ஜூனில் ஏஎம்டி 199 டாலர் தொடக்க விலையில் ஆர்எக்ஸ் 480 அட்டையை வெளியிட்டது. மெய்நிகர் உண்மையை எளியோருக்கும் கொண்டுசெல்லும் அட்டை என்று அது முன்னிறுத்தப்பட்டது. செருகிடத்திலிருந்து வரம்புக்கு மேல் அது மின்சாரம் எடுப்பது சோதனைகளில் தெரியவந்ததும், ஜூலையில் இயக்கி மென்பொருள் திருத்தப்பட்டது.

மென்பொருள் தந்த தணிவு

வன்பொருளின் சுமையை மென்பொருள் ஓரளவு குறைத்தது. ஏற்கெனவே வரைந்த படத்தைத் திரைக்கு அனுப்பும் கடைசிக் கணத்தில், தலை இப்போது நோக்கும் திசைக்கேற்பச் சற்று நகர்த்தித் தருவது ஒரு முறை. 2016 அக்டோபரில் ஆக்குலஸ் அறிவித்த அடுத்த முறையில், அட்டை நொடிக்கு 45 படங்களை மட்டும் வரைந்தாலும், முந்தைய படங்களிலிருந்து அசைவைக் கணித்து இடைப்பட்ட படங்களை மென்பொருளே உருவாக்கியது. இதனால் குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 960 அட்டைக்கு இறங்கியது. 499 டாலர் விலைக் கணினியும் போதும் என்ற நிலை வந்தது.

ஆனால் மின்னணு நாணயத்தைத் திரட்டுவோர் அட்டைகளை மொத்தமாக வாங்கியதால் 2017-18 காலத்திலும், மீண்டும் 2020-21 காலத்திலும் விலை ஏறியது. குறிப்பாக எத்தீரியம் நாணயத்துக்கு வரைகலை அட்டைகள் மிகுதியாகப் பயன்பட்டன. 2022 செப்டம்பரில் அது தன் முறையை மாற்றியபின் இத்தேவை நின்றது.

பிற்கால மாற்றம்

2019 மே மாதத்தில் வெளிவந்த ஆக்குலஸ் குவெஸ்ட், கணினியே இல்லாமல் தனக்குள் இருந்த திறன்பேசிச் சில்லைக் கொண்டு இயங்கியது. அட்டை, மின்வழங்கி, துளைகள் பற்றிய கவலை பலருக்கு இத்துடன் நீங்கியது. அதே ஆண்டு நவம்பரில் யுஎஸ்பி கம்பி மூலம் அதைக் கணினியுடன் இணைக்கும் வசதியும் வந்தது. செறிவான காட்சியை விரும்பியவர்களுக்கு வரைகலை அட்டை தொடர்ந்து தேவைப்பட்டது. 2020 மார்ச்சில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டுக்குக் குறைந்தபட்சமாகக் கேட்கப்பட்டது 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 போன்ற அட்டையே. அது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய நடுத்தர அட்டை.

1968இல் கூரையிலிருந்து தொங்கிய கருவிக்கும் இன்றைய தலையணிக் கருவிக்கும் அடிப்படைத் தேவை ஒன்றே: தலை திரும்பும் வேகத்தில் உலகமும் திரும்ப வேண்டும். அதை நிறைவேற்றும் பொறுப்பு ஆய்வுக்கூடக் கணினியிலிருந்து வீட்டுக் கணினியின் அட்டைக்கு வந்து, இன்று ஒரு பகுதி தலையணிக் கருவிக்குள்ளேயே சென்றுவிட்டது. 2016இல் அட்டையை மாற்றியவர்கள் இந்த இடைப்பட்ட காலத்தின் செலவைத் தம் கைப்பணத்திலிருந்து ஏற்றவர்கள் ஆவர்.