போர்ஷே 911: கட்டுமானமும் ஆயுளும்

போர்ஷே 911 என்பது, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ஒரு பகுதியாகிய சூஃபென்ஹவுசனில் 1964ஆம் ஆண்டு முதல் இடையறாது செய்யப்பட்டுவரும் ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கரங்களின் அச்சுக்கும் பின்னால் யந்திரத்தை அமைத்து, 1998ஆம் ஆண்டு வரையில் அதைக் காற்றினாலேயே குளிர்வித்தது இதன் விசேஷம். பந்தயங்களில் இக்கார் பெற்ற கீர்த்தி யாவரும் அறிந்ததே. அதைவிட ஊன்றி ஆராயத்தக்கது அதன் நீண்ட ஆயுள். 2017 மே மாதத்தில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தபோது, அதுவரையில் செய்யப்பட்டவற்றுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை இன்னும் ஓடும் நிலையில் இருப்பதாக நிறுவனம் அறிவித்தது. அறிவித்தவர் செய்தவரே ஆதலாலும், அந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதி 1998க்குப் பிற்பட்டவை ஆதலாலும், இந்தக் கணக்கைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். எனினும் 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட 911கள் அன்றாட உபயோகத்தில் இன்றும் காணக்கிடைப்பதும், அவற்றோடு பிறந்த வேறு பல கார்கள் அருகிப்போனதும் மறுக்க முடியாத உண்மைகள்.

ஸ்போர்ட்ஸ் காரின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் யந்திரமே என்று பலர் எண்ணுகின்றனர். யந்திரத்தை இறக்கிப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் பூட்டிவிடலாம். உடலின் தகடு அரித்துப்போனாலோ, கதவு தொங்கி, சக்கரங்களின் நேர் தவறி, சீர்செய்யும் செலவு காரின் விலையை மிஞ்சிவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கார்களிற் பெரும்பாலானவற்றில் எஃகுச் சட்டம் ஒன்றின்மேல் உடலைத் தனியே பொருத்தியிருந்தனர். உடல் கெட்டாலும் சட்டம் நின்றது. போருக்குப் பின், மெல்லிய தகடுகளை அச்சில் அழுத்தி வளைத்து, விளிம்போடு விளிம்பு பற்றவைத்து, உடலும் சட்டமும் ஒன்றேயாகச் செய்யும் முறை பரவிற்று. எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது. ஆனால் பற்றவைத்த இடுக்குகளும் கண்ணுக்கு எட்டாத உட்குழிகளும் நீர் தங்கும் இடங்களாயின. பனிக்கட்டியை உருக்குவதற்காகக் குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவும் வழக்கம் ஐரோப்பாவின் வடபகுதியிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் உண்டு. அந்த உப்புநீர் சக்கரத்தால் வாரி அடிக்கப்பட்டு இடுக்குகளில் புகுந்துவிட்டால், வெயில் காலத்திலும் உள்ளிருந்தபடியே தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் இதற்குத் தக்க உதாரணம். கூரையில்லாத அவ்வுடலின் பாரத்தைப் பெரிதும் தாங்கியவை கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள். துரு விரும்பிப் பற்றியதும் அவற்றையே. யந்திரமோ மிக எளிமையானது, சாதாரண மெக்கானிக் எவரும் பழுதுபார்க்கத் தக்கது. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுக்களைக் கொண்டே அந்தக் காரின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. உடல்களைவிட யந்திரங்கள் நெடுநாள் உழைத்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் 1953 முதலே கண்ணாடியிழை உடல் பெற்றிருந்தது. ஆயினும் அதன் அடியில் இருந்த எஃகுச் சட்டம் துருவுக்கு விலக்கன்று.

911க்கு முன்னோடி, போர்ஷே என்ற பெயரைத் தாங்கிய முதற் காராகிய 356. அது 1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தது. அங்கே செய்யப்பட்ட ஏறக்குறைய ஐம்பது கார்களின் உடல்கள் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கப்பட்டவை. 1950இல் தொழில் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியதும், ராய்ட்டர் என்ற உடற்கட்டுமான நிறுவனம் எஃகு உடல்களைச் செய்து கொடுத்தது. ராய்ட்டர் தொழிலாளரின் கைத்திறன் வியக்கத்தக்கது. கதவுகள் ஒவ்வொன்றும் அந்தந்த உடலுக்கே இழைத்துப் பொருத்தப்பட்டன. ஆனால் எத்தனை நுட்பமாகப் பொருத்தினாலும் காப்பற்ற எஃகு எஃகுதான். 1965 வரை செய்யப்பட்ட சுமார் 76,000 கார்களில் பல, கதவு பிசிறின்றி மூடிய நிலையிலேயே அடித்தளம் ஓட்டையாகி அழிந்தன. நல்ல வேலைப்பாடு வேறு, நீடித்த ஆயுள் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கார் அக்காலத்தில் இல்லை எனலாம்.

1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் புதிய கார் 901 என்ற பெயரோடு வைக்கப்பட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனத்தார் ஆட்சேபித்ததால், 1964இல் பெயர் 911 ஆயிற்று. உடலின் வடிவம் நிறுவனரின் பேரனான ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷேயினுடையது. 1,991 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 130 குதிரைச்சக்தியும் கொண்ட ஆறு சிலிண்டர் யந்திரத்தில், அவ்வளவு சிறிய யந்திரத்துக்கு அவசியமோ என்று ஐயுறும்படியாக, கிராங்க் தண்டை எட்டு பேரிங்குகள் தாங்கின. எண்ணெய் யந்திரத்தின் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் சேமிக்கப்பட்டு, பம்புகளால் சுற்றியோட்டப்பட்டது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி பேரிங்குகள் வறண்டுபோகும் விபத்து இதனால் தவிர்ந்தது. பிற்காலத்தில் 3.6 லிட்டராக வளர்ந்தும், அழுத்தக் காற்றூட்டிச் சக்தியைப் பன்மடங்காக்கியும் அந்த அடிப்படை அமைப்பு தாங்கி நின்றதற்கு ஆரம்பத்திலேயே வைக்கப்பட்ட இந்த உபரி வலிமையே காரணம். 1967இல் இத்தாலியின் மோன்சா ஓட்டக்களத்தில், பந்தயத்துக்கென எடை குறைக்கப்பட்ட 911 ஆர் என்ற கார், இரவுபகலாக 20,000 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 209 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முடித்தது இந்த யந்திர வமிசத்தின் உறுதிக்குச் சரியான பரீட்சையாயிற்று.

உடலின் கதை இதற்கு நேர்மாறானது. 1960களின் 911கள், 356ஐப் போலவே காப்பற்ற எஃகால் ஆனவை. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு, முன்புறப் பக்கத்தகட்டின் பின்னோரத்தில் கதவுத் தூணை ஒட்டிய இடுக்கில் படிந்து, எப்போதும் ஈரமாக இருக்கும். முன்மூடியின் கீழ் பெட்ரோல் தொட்டி அமர்ந்திருக்கும் தளத்தின் விளிம்பும், அதற்குக் கீழே முன்சக்கர இணைப்புகள் பூட்டப்படும் குறுக்குத் தகடும் மற்றோர் இலக்கு. 1969 மாதிரியில், பின்புறம் கனத்த காருக்கு முன்புறம் பாரம் சேர்க்கும் உத்தேசத்தோடு இரண்டு சிறு பேட்டரிகளை முன்மூலைகள் இரண்டிலும் வைத்தனர். ஓட்டத்துக்கு அது நன்மையே செய்தது, ஆனால் வழிந்த அமிலம் அம்மூலைகளின் தகட்டை அரித்தது. ஆகவே பழைய 911 ஒன்றை வாங்க வருபவர், யந்திரத்தின் ஒலியில் மயங்குவதற்கு முன், முன்மூடியைத் திறந்து விரிப்பை நீக்கித் தொட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், பக்கத்தகட்டின் அடியில் சிறு காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் அவசியம். காந்தம் பற்றாத இடத்தில் இருப்பது எஃகன்று, பெயிண்டுக்கு அடியில் அப்பிய பூச்சு.

இந்தக் குறையை நிறுவனத்தார் அறியாதவர்களல்லர். 1960களின் பிற்பகுதியில் துருப்பிடிக்காத எஃகினாலேயே சில சோதனைக் கார்களைச் செய்து பார்த்தனர். அவற்றுள் ஒன்று மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் அவ்வுலோகம் விலை மிகுந்தது. அச்சில் அழுத்தி வளைப்பதற்கும் எளிதில் இணங்காது. பின்னர் 1973 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில், இருபது ஆண்டுகள் அல்லது 3,00,000 கிலோமீட்டர் உழைக்கத்தக்க நெடுநாள் காருக்கான ஆராய்ச்சி மாதிரி ஒன்றை வைத்தனர். ஆண்டுதோறும் புதுமாதிரி காட்டிப் பழையதைத் தள்ளுபடி செய்வதே மோட்டார்த் தொழிலின் வழியாக இருந்த காலத்தில், ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று இத்தகைய கேள்வியை எழுப்பியது பாராட்டத்தக்கது. அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை. ஆயினும் அதன் பின்னிருந்த சிந்தனை வீண்போகவில்லை. 1976 மாதிரி முதல், இருபுறமும் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு 911இன் உடலில் பிரயோகிக்கப்பட்டது. துத்தநாகம் எஃகைக் காட்டிலும் விரைவில் அரிக்கப்படும் இயல்புடையது. ஆதலால் கீறல் விழுந்து எஃகு வெளிப்பட்ட இடத்திலும், பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் அழிந்து எஃகைக் காக்கிறது. அடித்தளம் துருவால் ஓட்டையாகாது என்று முதலில் ஆறாண்டுக்கு உறுதிமொழி தரப்பட்டது. 1981 மாதிரியில் அது ஏழாண்டாகவும், 1986இல் பத்தாண்டாகவும் உயர்ந்தது. பழைய 911களுள் எது நீடிக்கும் என்பதற்கு இந்த 1976ஐ எல்லைக்கோடாகக் கொள்ளலாம்.

காலத்தின் விந்தை, உடல் உறுதிபெற்ற அதே சமயத்தில் யந்திரம் தளர்ந்தது. எடையைக் குறைப்பதற்காக 1968 மாதிரியிலிருந்து கிராங்க் பெட்டி அலுமினியத்துக்குப் பதிலாக மெக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. இரண்டு லிட்டர் யந்திரத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. 1974 மாதிரியில் கொள்ளளவு 2.7 லிட்டராக உயர்ந்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று. இந்த யந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி. பெட்டியில் திருகப்பட்ட நான்கு நீண்ட எஃகு ஸ்டட்டுகள் சிலிண்டரையும் அதன் தலையையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன. உஷ்ணம் ஏறும்போது அலுமினியமும் மெக்னீசியமும் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகின்றன. அந்த விரிவு ஸ்டட்டை இழுக்க, நாள் செல்லச் செல்ல, அதன் மரை மென்மையான மெக்னீசியத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வெளிவருகிறது; தலை தளர்ந்து, எரிந்த வாயு கசிந்து, யந்திரம் சக்தியை இழக்கிறது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, நச்சு வாயுக்களை எரிக்கும் வெப்பக் கலன்களைச் சிலிண்டர்களின் அடியிலேயே பொருத்தியது இந்த நோயை மேலும் கடுமையாக்கிற்று. பெட்டியில் அகன்ற துளையிட்டு, உறுதியான எஃகு மரையுறையைத் திருகி, அதனுள் ஸ்டட்டைப் பூட்டுவதே இன்றளவும் கையாளப்படும் சிகிச்சை. அலுமினியத்துக்கு நெருங்கிய விரிவுடைய டிலாவர் என்ற உலோகக் கலவையால் ஸ்டட்டுகளை நிறுவனத்தார் செய்து பார்த்தனர். அவையோ அரிப்பு கண்டு திடீரென ஒடிந்தன. ஒரு குறையைத் தீர்க்கும் மருந்தே மற்றொன்றை வரவழைப்பது யந்திர நிர்மாணத்தில் அரிதன்று.

1978 மாதிரியாகிய 911 எஸ்.சி.யில் மூன்று லிட்டர் யந்திரமும், மீண்டும் அலுமினியக் கிராங்க் பெட்டியும் வந்தன. துத்தநாக உடலும் அலுமினியப் பெட்டியும் ஒருங்கே கூடிய இந்த மாதிரியையே, பழைய 911களுள் மிகுந்த உழைப்பு உடையது என்று கொள்ளத் தோன்றுகிறது. எஞ்சிய பெருங்குறை, வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்றும் சங்கிலியின் இறுக்கிகள். அவை தளர்ந்தால் சங்கிலி பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதி, யந்திரம் ஒரே கணத்தில் சேதமுறும். 1984 மாதிரியாகிய கரேராவில், யந்திரத்தின் எண்ணெய் அழுத்தத்தினாலேயே இயங்கும் இறுக்கிகள் வைக்கப்பட்டன. அவை பழைய யந்திரங்களிலும் பொருத்தத் தக்கனவாக இருந்தது பெரிய அநுகூலம். இத்தனைக்கும், நீரால் குளிரும் 928 என்ற கார் 1977இல் வெளிவந்தபின், 911ஐ நிறுத்திவிடவே நிறுவனத்தில் எண்ணியிருந்தனர். 1981இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷுட்ஸ் அத்தீர்மானத்தை மாற்றினார். அவர் மாற்றியிராவிடில் இந்தத் திருத்தங்களிற் பல நிகழ்ந்தே இரா. உதிரிப்பாகங்களும் சில ஆண்டுகளில் அருகிப்போயிருக்கும். ஒரே அமைப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால், புதிய பாகம் பழைய காருக்கு உதவிற்று. பழைய காரின் ஆயுளில் இதற்குள்ள பங்கு துத்தநாகத்தின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

1989 மாதிரியாகிய 964இல், சக்கரங்களின் அதிர்வைத் தாங்கிய முறுக்குத் தண்டுகளுக்குப் பதிலாகச் சுருள்வில்கள் வந்தன, யந்திரம் 3.6 லிட்டராயிற்று. தொடக்க கால யந்திரங்களில் சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே கேஸ்கட் வைக்காமல் விட்டதால் எண்ணெய் கசிந்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. காற்றால் குளிரும் கடைசி மாதிரியாகிய 993 1993இல் தொடங்கி 1998இல் முடிவுற்றது. அதற்கடுத்த 996இல் நீர்க்குளிர்ச்சியோடு முற்றிலும் புதிய யந்திரம் வந்தது. அதன் இடைத்தண்டு பேரிங் சில கார்களில் உடைந்து யந்திரத்தையே அழித்ததால், பழையதே உறுதியானது என்ற அபிப்பிராயம் வாங்குவோரிடையே வலுத்தது. 993இன் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் 993உம் குறையற்றதன்று. துத்தநாகம் பூசிய அதன் உடலிலேயே, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பொருந்தும் சட்டத்தின் ஓரங்களில், ரப்பர் விளிம்புக்கு அடியில் துரு பிடிப்பதுண்டு. கண்ணாடியைக் கழற்றி, அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைப்பதே அதற்கு நிலையான பரிகாரம்.