கட்டட வேலையில் சுற்றுச்சூழல் செய்திப் பரிமாற்றம்: கனகம்மாசத்திர வட்டாரம்

மண், மணல், நீர் முதலியவற்றை எங்கிருந்து எவ்வளவு எடுப்பது, இடிபாட்டையும் கழிவுநீரையும் எங்கே விடுவது என்னும் விஷயங்களைப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, வீட்டுக்காரர், அரசாங்க அதிகாரி ஆகியோர் வாய்ச்சொல்லாலும் வரைபடத்தாலும் பத்திரத்தாலும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் முறையே கட்டட வேலையின் சுற்றுச்சூழல் செய்திப் பரிமாற்றம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே உள்ள கனகம்மாசத்திரம், செங்கல் சூளைகள் மலிந்த மாவட்டத்தில் அமைந்திருப்பதால், இதன் சரித்திரத்தை அவ்விடத்திலிருந்து நோக்குவது சௌகரியமானது.

பூர்வத்தில் இவ்விஷயத்தில் எழுத்துக்கு இடமில்லை. ஒரு செங்கல்லை மற்றொரு செங்கல்லோடு தட்டி, அதன் நாதத்தைக் கேட்டு வேக்காட்டை நிர்ணயித்த மேஸ்திரி, அதன் மண் எந்த ஏரியைச் சேர்ந்தது என்பதையும் பெரும்பாலும் அறிந்திருந்தார். அதை அவர் தமிழிலோ தெலுங்கிலோ சொன்னார். திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் வேலைத்தலத்து இருமொழி வழக்கம் மாறவில்லை. பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளோ முக்கியமாகப் பலத்தையும் அளவையும் பேசின.

மண்ணைப் பற்றிய பேச்சு காகிதத்தில் ஏறியதற்குச் சாம்பலே காரணம். எண்ணூர் அனல் நிலையம் 1970-லும், வடசென்னை நிலையம் 1994-லும் இயங்கத் தொடங்கியபின் குவிந்த உலர்சாம்பலை (ஃப்ளை ஆஷ்) அப்புறப்படுத்தவும், செங்கல்லுக்காகத் தோண்டப்படும் வயல்களின் மேல்மண்ணைக் காக்கவும் மத்திய அரசு 1999 செப்டம்பரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, அனல் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகள் எடையில் 25 சதவீதமேனும் சாம்பலைக் கலக்கவேண்டுமென்றும், பொதுப்பணித் துறை போன்ற ஸ்தாபனங்கள் தம் விவரக்குறிப்புகளிலேயே சாம்பற்பொருள்களைச் சேர்க்கவேண்டுமென்றும் விதித்தது. கடற்கரையிலுள்ள அவ்விரு நிலையங்களின் அந்த எல்லைக்கு அப்பால் இருந்த கனகம்மாசத்திரம், 2003-இல் வட்டம் 100 கிலோமீட்டராக விரிந்தபோது உள்ளே வந்தது. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சான அரசிதழ் சூளைக்காரருக்குக் கடிதமாகாது! டெண்டர் பத்திரத்தில் ஒரு வரியாகப் பொறியாளரிடம் வந்த கட்டளை, சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனாரிடம் சேர்ந்தபோது, காரணம் உதிர்ந்து, கல்லின் பெயர் மட்டுமே எஞ்சிற்று. "ஃப்ளை ஆஷ் கல்லில் பூச்சு பிடிக்காது" என்று அவர் ஆட்சேபித்தால், மேல்மண்ணைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்வோர் அரியர்.

அதே 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு இதற்கு நேர்மாறான திருஷ்டாந்தம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய், ஜல்லியும் மணலும் இட்ட குழி, பக்கத்தில் கிணறு என்று அமைந்த எளிய படம், எழுத்தறியாதவருக்கும் விளங்கியது; தண்ணீர்த் தட்டுப்பாட்டின் நினைவு மற்றதைச் சொல்லிற்று. பராமரிப்பைப் பற்றி அத்தனை தெளிவான படம் ஒன்றும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய கட்டடங்களுக்குரிய சுற்றுச்சூழல் அனுமதி, 2004-இல் தொடங்கி, 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையால் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டுமானப் பரப்புக்கு நிலைபெற்றது. சிற்றூர் வீடுகள் இவ்வரம்பை எட்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும், நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு வேலையில் மாதத்துக்கு 300 டன்னோ கழிவு உண்டாக்குவோரிடமே கழிவு மேலாண்மைத் திட்டம் கேட்டன; ஆகவே சிற்றூரில் ஓட்டுவீடு ஒன்றைப் பிரிப்பவர், கதவு நிலைகளையும் முழுக்கற்களையும் விற்றபின், எஞ்சிய ரப்பீஸ் (இடிபாடு) எந்தப் பள்ளத்தை மேடாக்கப் போகிறதென்பதை இன்றும் டிராக்டர்க்காரரோடு வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொள்கிறார்.