ஹோபி பேக்கரின் கடைசிப் பறத்தல்

நம் ஊர் வெயிலில் ஐஸ் ஹாக்கியை யார் கண்டோம்? காலணியில் கத்தி பொருத்திக்கொண்டு பனிக்கட்டித் தரையில் சறுக்கியபடி, பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லையை மட்டையால் அடிக்கும் ஆட்டம் அது. அதில் பெரும்பெயர் எடுத்த அமெரிக்கர் ஒருவர் பிரெஞ்சு மண்ணில் உயிர் விட்டார். பெயர் ஹோபி பேக்கர்.

1892-இல் பிலடெல்பியாவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1907-இல் அமெரிக்காவில் வந்த பணநெருக்கடியில் தகப்பனார் நொடித்துப்போனார். இரண்டு பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. அண்ணன் தோர்ன்டன் விட்டுக்கொடுத்தார், தம்பி பிரின்ஸ்டன் போனார்.

பள்ளி நாட்களில் உறைந்த குளத்தில் இருட்டிய பிறகு தனியே சறுக்குவாராம். வில்லையைப் பார்க்காமலே ஓட்டப் பழக அதுதான் வழி. கல்லூரி ஹாக்கியில் முரட்டாட்டத்துக்காக அவர் வெளியேற்றப்பட்டது ஒரே ஒரு முறை என்பார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்கே போய்க் கைகுலுக்குவார். நியூயார்க் அரங்க வாசலில் 'இன்று ஹோபி பேக்கர் ஆடுகிறார்' என்று விளக்குப் பலகை வைத்தபோது, அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

கனடாவின் தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்தன. காசுக்கு ஆடுவதில்லை என்று மறுத்துவிட்டார். அண்ணன் படிப்பையே விட்ட வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்ததை இன்றுள்ளவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். பிழைப்புக்கு மார்கன் வங்கியில் மேசை வேலை. அது அவருக்கு ஒட்டவில்லை. மேசையிலேயே ஆயுளைக் கழித்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

1916-இல் விமானம் ஓட்டக் கற்று, மறு வருடம் பிரான்ஸ் சேர்ந்தார். பள்ளியில் பிரெஞ்சு படித்த நமக்குத் தெரிந்த 'க்ருவா த கேர்' பதக்கம் அவருக்கும் கிடைத்தது. பிறகு 141-ஆவது படைப்பிரிவின் தலைவரானார். அதன் விமானங்களுக்குத் தன் கல்லூரியின் ஆரஞ்சு, கறுப்பு வண்ணம் பூசவைத்தார்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. டிசம்பர் 21, தூல் விமானத்தளம். ஊர் திரும்பும் உத்தரவு வந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை பறக்கிறேன் என்றார். தோழர்கள் தடுத்தும் கேட்கவில்லை. பழுதுபார்த்து வைத்திருந்த ஸ்பாட் விமானம் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. வேறொருவரை அனுப்பாமல் தானே ஏறினார். எழும்பிய சற்று நேரத்தில் என்ஜின் நின்றது. விழுந்து இறந்தார். வயது 26.

வங்கி மேசைக்குத் திரும்ப மனமில்லாமல் தானாகவே விழுந்தார் என்று சிலர் பேசினார்கள். நான் நம்பவில்லை. என்ஜின் நின்றது ஒன்றே போதாதா?

முதலில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1921-இல்தான் உடல் ஊர் போய்ச் சேர்ந்தது.